பேரைச் சொன்னால் போதாது, ஊரைச் சொல்ல வேண்டும்

2025 நவம்பரில் தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகளில் ஒரே தேடல்தான் நடந்தது. வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கான படிவத்தை வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். 2002 அல்லது 2005ஆம் ஆண்டுப் பட்டியலில் தன் பெயர் எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், எத்தனையாவது வரிசை எண்ணில் இருந்தது என்பதை அதில் எழுத வேண்டும். அப்போது ஓட்டுரிமை வராதவர்கள் அம்மா, அப்பா பெயரைக் காட்டலாம். அப்பா அந்தக் காலத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டார் என்று பிள்ளைகள் அத்தைகளுக்கும் சித்தப்பாக்களுக்கும் போன் போட்டுக் கேட்டார்கள்.

பட்டியல் ரகசியமானதில்லை. தேர்தல் துறையின் இணையதளத்திலேயே இருந்தது. ஆனாலும் பலர் திணறினார்கள். முதலில் மாவட்டம், அடுத்து தொகுதி, அதற்கடுத்து பாகம் என்று அது கேட்டுக்கொண்டே போனது. 2008இல் தொகுதி மறுவரையறை நடந்ததால் பழைய பட்டியல் வேறொரு வரைபடத்தில் இருக்கிறது. வேளச்சேரி என்ற தொகுதியே 2002இல் கிடையாது. அன்றைக்கு இருந்த பூங்காநகரும் புரசைவாக்கமும் இன்று தொகுதிகளாக இல்லை. இன்றைய தொகுதியின் பெயரை வைத்துத் தேடியவர்களுக்குப் பட்டியலே அகப்படவில்லை. அன்று குடியிருந்த தெருவை நினைவில் வைத்திருந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நம் ஊரில் பொது ஆவணங்களைக் கொண்டு ஓர் ஆளைத் தேடுவது எப்படி என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய முதல் சேதி இதுதான். இங்கே ஆவணங்கள் இடத்தின்படி அடுக்கப்பட்டவை. வீட்டு எண், புல எண் (நிலத்தின் சர்வே எண்), பாகம், வார்டு, கிராமம் ஆகியவைதான் அவற்றின் திறவுகோல்கள். பெயர் கடைசியில்தான் வரும். அமெரிக்காவில் ஒரு பெயரையும் மாநிலத்தையும் தட்டினால் பழைய முகவரி, சொத்து, உறவினர் எல்லாவற்றையும் காசுக்குக் கொடுக்கும் இணையதளங்கள் உண்டு. அதைப் பார்த்துவிட்டு அப்படியொன்றை இங்கே எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இதற்கு நம் பெயர்களும் ஒரு காரணம். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டிலிருந்து சாதிப் பட்டத்தைத் துறப்பது ஓர் இயக்கமாயிற்று. நல்ல காரியம். ஆனால் அதற்குப் பின் தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் என்று தேடுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இருப்பது தன் பெயரும் அப்பா பெயரின் முதலெழுத்தும் மட்டுமே. கே. முருகன் என்ற பெயருக்கு எத்தனை ஆயிரம் பேர் திரும்பிப் பார்ப்பார்களோ! அண்ணன் தம்பிக்காவது ஒரே முதலெழுத்து. அப்பாவுக்கும் மகனுக்கும் அதுவும் வேறு. எழுத்துக்கூட்டல் சிக்கல் தனி. சுப்பிரமணியன், சுப்ரமணியன், சுப்பிரமணி, சுப்பிரமணியம் என்று ஒரே மனிதர் நான்கு ஆவணத்தில் நான்கு விதமாக இருப்பார். ஆங்கிலத்தில் எழுதித் தமிழுக்கு மாற்றிய பட்டியலானால் ஐந்தாவதாக ஒன்றும் சேரும்.

வாக்காளர் பட்டியலில் பெயருடன் தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம், அடையாள அட்டை எண் ஆகியவை இருக்கும். யாரும் பதிவிறக்கலாம். ஆனால் 2018 முதல் தேர்தல் ஆணையம் அதைப் படமாகத்தான் வெளியிடுகிறது. எழுத்தைத் தட்டித் தேட முடியாது. தேடக்கூடிய வடிவில் தர வேண்டும் என்று கோரிய காங்கிரஸ் தலைவர் கமல்நாத்தின் மனுவை உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு அக்டோபரில் தள்ளுபடி செய்தது. பட்டியலை மொத்தமாக அள்ளிப் பயன்படுத்திவிடக்கூடாது என்பது ஆணையத்தின் வாதம். என் கணக்கில் இது அரைகுறைத் தடுப்பு. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் உள்ள அரசியல் கட்சிக்கும் விளம்பர நிறுவனத்துக்கும் இது தடையே இல்லை. அப்பாவின் பெயரைத் தேடும் மகளுக்குத்தான் தடை.

இடம் தெரிந்துவிட்டால் நிலைமை தலைகீழாக மாறுகிறது. அதை மிக நன்றாகக் காட்டுவது சார்பதிவாளர் அலுவலகம்.

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் பத்திரங்களைப் புத்தகம் வாரியாகப் பிரிக்கிறது. வீடு, நிலம் சார்ந்த கிரயம், தானம், பாகப்பிரிவினை, அடமானம் போன்றவை முதல் புத்தகத்தில் ஏறும். உயில் மூன்றாவதில், அசையாச் சொத்து சாராத பிற ஆவணங்கள் நான்காவதில். 57ஆம் பிரிவின்படி முதல் புத்தகத்தைக் கட்டணம் கட்டிய எவரும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். அந்தச் சொத்தில் எனக்கு என்ன சம்பந்தம் என்று நிரூபிக்கத் தேவையில்லை. மூன்றும் நான்கும் எல்லோருக்கும் திறக்காது; அவற்றின் நகல் எழுதியவருக்கோ சம்பந்தப்பட்டவருக்கோதான் கிடைக்கும். பெயர்வாரி அட்டவணை ஒன்றும் சொத்துவாரி அட்டவணை ஒன்றும் வைத்திருக்க வேண்டும் என்றுகூட அந்தச் சட்டம் சொல்கிறது. ஆனால் வில்லங்கம், அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் விவரம், பார்க்கப் போகிறவர் நடைமுறையில் புழங்குவது சொத்துவாரித் தேடலை. பதிவுத்துறையின் இணையதளத்தில் 1975 முதலான வில்லங்க விவரம் பார்க்கக் கிடைக்கிறது. அங்கும் கேட்பது மண்டலம், மாவட்டம், சார்பதிவகம், கிராமம், புல எண்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். உங்கள் அப்பாவின் பழைய நண்பர் ஒருவர் 1980களில் வீட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போனார். அவரோ பிள்ளைகளோ எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. வீடு இருந்த இடம் மட்டும் தெரியும். அந்த வீட்டின் புல எண்ணை எடுத்து வில்லங்கம் போட்டால் விற்பனை வரும்: எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், பத்திர எண், ஆண்டு. இத்தோடு பலர் நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஆளைத் தேடுபவருக்குச் சரக்கு இருப்பது பத்திரத்தின் நகலில்தான்.

கிரயப் பத்திரத்தின் முதல் பத்தியில் எழுதிக்கொடுப்பவரின் தகப்பனார் பெயரும் அன்றைய முகவரியும் இருக்கும். ஏற்கெனவே வெளியூர் போய்விட்டு வந்து கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த வெளியூர் முகவரியே இருக்கும். அடுத்து, சொத்து தனக்கு எப்படி வந்தது என்று அவர் சொல்லும் பகுதி. ‘பிதுரார்ஜிதமாக’, அதாவது முன்னோர் வழியாக, வந்ததா, இன்ன ஆண்டு இன்ன எண்ணுள்ள பத்திரப்படி வாங்கியதா என்று தெரியவரும். அந்தத் தாய்ப்பத்திரத்தை எடுத்தால் ஒரு தலைமுறை பின்னே போகலாம். சொத்து விவரத்தில் செக்குபந்தி வரும். இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் மனைக்குத் தெற்கு, இன்னார் தோட்டத்துக்குக் கிழக்கு என்று நான்கு எல்லையும் அண்டை வீட்டுக்காரர்களின் பெயரால் சொல்லப்பட்டிருக்கும். நண்பர் போய்விட்டார், அண்டை வீடுகளில் ஒன்றாவது இன்னும் அதே குடும்பத்திடம் இருக்க வாய்ப்புண்டு. கடைசியில் இரண்டு சாட்சிகள், முகவரியோடு. சாட்சிக் கையெழுத்துப் போட வழியில் போகிறவரை யாரும் கூட்டிப்போவதில்லை. மைத்துனரோ கடைப் பங்காளியோ தெருக்காரரோதான் இருப்பார். பத்திரம் எழுதியவரின் பெயரும் உரிம எண்ணும் அதற்கும் கீழே. நாற்பது ஆண்டு பழைய காகிதத்தில் ஒரு குடும்பத்தைச் சுற்றி இத்தனை பேர் நிற்கிறார்கள்.

வருவாய்த்துறையின் பட்டா, சிட்டாவும் இதே குணம் உடையவை. மாவட்டம், வட்டம், கிராமம் என்று இறங்கினால்தான் ஆள் தெரிவார். அங்கே கவனிக்க வேண்டியது கூட்டுப் பட்டா. அப்பா காலமான பிறகு பட்டா மாறுதல் நடந்திருந்தால் வாரிசுகளின் பெயர் வரிசையாக நிற்கும். ஆனால் பட்டாவை மட்டும் நம்புவது சரியில்லை. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், ஊரார் இன்றும் யு.டி.ஆர். என்று சொல்வதில், புகுந்த பெயர்ப் பிழைகள் இன்னும் தாலுகா அலுவலகங்களில் மனுவாக அலைகின்றன. அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியக்காரர் என்ற கிராமக் கணக்கர், ஊர் அதிகாரி பதவிகளை ஒழித்தது. பரம்பரை அதிகாரம் போனது சரி. அதோடு, எந்த நிலம் யாருடையது, அவர் பெண்ணை எங்கே கட்டிக்கொடுத்தார், மகன் எந்த மில்லில் வேலைக்குப் போனான் என்று பதிவேட்டில் இல்லாததையும் சேர்த்துத் தெரிந்துவைத்திருந்த ஓர் ஆளும் போனார். மாற்றலில் வந்து மாற்றலில் போகும் கிராம நிர்வாக அலுவலரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நிலத்தின் வழியே தேடும்போது நிலம் இல்லாதவர் எங்கே என்ற கேள்வி வரும். அவர் இல்லை, அவ்வளவுதான். பெண்களும் கிட்டத்தட்ட அப்படியே. பழைய பத்திரங்களில் ஒரு பெண்ணைத் தேடினால் பெரும்பாலும் ஒருவரின் மனைவியாக எல்லை ஓரத்தில் அகப்படுவார். 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டின் இந்துக் குடும்பங்களில், அதுவரை மணமாகாத மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு வந்தது. அதற்குப் பிந்தைய வில்லங்கங்களில் விடுதலைப் பத்திரங்களைக் கவனியுங்கள். தங்கள் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்து அக்கா தங்கைகள் எழுதிய பத்திரம் அது. புகுந்த வீட்டு முகவரியும் கணவர் பெயருமாக அவர்கள் அதில்தான் முதல் தடவையாக வெளிச்சத்துக்கு வருகிறார்கள். கட்டிக்கொடுத்துப்போன அத்தை எந்த ஊரில் இருக்கிறார் என்று தேடும் குடும்பங்களுக்கு இதைவிடத் தோதான தாள் கிடையாது. அவர் அகப்படுவது தன் பங்கை விட்ட இடத்தில் என்பதுதான் கசப்பு.

நிலமில்லாதவர்கள் பெயரோடும் ஊரோடும் பதிவானது பெரும்பாலும் அவர்களை யாராவது வேலைக்கு எடுத்தபோதுதான். அண்மைக்கால உதாரணம் நூறு நாள் வேலை. அந்தத் திட்டத்தின் இணையதளத்தில் ஊராட்சி வாரியாக வேலை அட்டை எண்ணும் குடும்பத்தார் பெயரும் எல்லோரும் பார்க்கும்படி வைக்கப்பட்டன. ஊழலைத் தடுக்க என்று செய்த ஏற்பாடு அது. பழைய உதாரணம் கப்பல். சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கரைசேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,000க்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போனார்கள். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எழுதிய பதிவு இருக்கிறது. சொந்த ஊரில் ஒரு பதிவேட்டிலும் இல்லாதவரைப் பற்றி டர்பனில் இத்தனை விவரம்!

அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் அந்தத் தாளோடு இங்கே வரும்போது மாட்டிக்கொள்வதும் இடத்தில்தான். ஜில்லா ‘வட ஆற்காடு’ என்றிருக்கும். அது இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்து கிடக்கிறது. ஒரு பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. கிராமத்தின் பெயரை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அதை உரக்க வாசித்து, அந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களோடு ஒப்பிட்டு, இதுவாக இருக்கலாம் என்று ஒரு கிராமத்துக்குப் போனாலும், அங்கே பட்டாவில் அவர்கள் இருக்க மாட்டார்கள். நிலம் இருந்திருந்தால் அவர்களில் பலர் கப்பலே ஏறியிருக்க மாட்டார்களே. பிறகு குலதெய்வக் கோயில், வரி கொடுக்கும் பங்காளிகள் என்று வாய்வழியாகத் தேட வேண்டியதுதான்.

பிறப்பு, இறப்புப் பதிவேடும் பொது ஆவணமே. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, எவரும் கட்டணம் கட்டிப் பதிவைத் தேடச் சொல்லலாம், சான்று வாங்கலாம் என்கிறது. இறப்புக்கான காரணத்தை மட்டும் அதில் காட்டக் கூடாது. தவறவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. பிறப்பும் இறப்பும் நடந்த இடத்தில்தான் பதிவாகும், குடியிருந்த இடத்தில் அல்ல. திருவண்ணாமலைக்காரர் சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் இறந்தால் பதிவு சென்னை மாநகராட்சியில் இருக்கும். சொந்த ஊரில் தேடிவிட்டு ‘பதிவே இல்லை’ என்று திரும்புகிறவர்கள் கடைசியாகச் சேர்த்த ஆஸ்பத்திரி எந்த ஊரில் என்று விசாரிப்பது நல்லது.

பெயரால் தேடக்கூடிய கதவுகளும் சில உண்டு. நீதிமன்றங்களின் மின்னணுச் சேவைத் தளத்தில் வழக்காடுபவர் பெயரைப் போட்டுத் தேடலாம். அங்கும் மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரை மாற்றிக்கொண்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசிதழ். பழைய பெயர், புதிய பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், தற்போதைய முகவரி என்று ஒரே வாக்கியத்தில் அத்தனையையும் கொட்டிவைத்திருக்கும். எண்கணிதம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டவரும் மதம் மாறியவரும் பாலினம் மாறியவரும் ஒரே பக்கத்தில் நிற்பார்கள். இவ்வளவையும் அச்சிட வேண்டுமா என்று எனக்குப் பல நாளாகச் சந்தேகம்.

ஒரு காலத்தில் முழுக்க முழுக்கப் பெயர்வரிசையில் இருந்த ஒரே உள்ளூர் ஆவணம் தொலைபேசி டைரக்டரி. அகரவரிசையில் பெயர், முதலெழுத்து, முகவரி, எண். 197க்குப் போன் செய்தும் கேட்கலாம். போன் வைத்திருந்தவர்கள் மட்டுமே அதில் இருந்தார்கள் என்பதால் அது ஊரின் வசதியுள்ள பகுதியின் பட்டியல்தான். கைபேசி வந்தபின் தடித்த டைரக்டரி மறைந்தது. கைபேசி எண்களுக்கு அப்படியொரு புத்தகம் வரவேயில்லை. அந்த இடத்தை 2009இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய ட்ரூகாலர் பிடித்துக்கொண்டது. அது திரட்டியது மக்கள் கொடுத்த தகவலை. அதில் கணக்கே தொடங்காதவரின் பெயரும் இருக்கக்கூடும், அதுவும் பிறர் தம் கைபேசியில் எழுதிவைத்திருக்கும் விதத்தில். ‘பிளம்பர் மணி’, ‘மணி ஹவுஸ் ஓனர்’ என்றெல்லாம் வருவது இதனால்தான். டைரக்டரியில் பெயர் வேண்டாம் என்றால் துறைக்கு எழுதிக்கொடுத்து நீக்கலாம் என்று சந்தாதாரருக்குத் தெரிந்திருந்தது. இங்கே தன் பெயர் இருப்பதே பலருக்குத் தெரியாது.

இடவாரி அடுக்கில் இன்னொரு முகமும் இருக்கிறது. அதைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிவந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது என்பது பல சாட்சியங்களில் பதிவாகியிருக்கிறது. அடுத்த ஆண்டு நவம்பரில் தில்லியில் சீக்கியர் வீடுகளுக்கும் அப்படியே வந்தார்கள். ஊர் தெரியாமல் ஒரே ஒருவரைத் தேடுபவருக்கு அந்தப் பட்டியல் எவ்வளவு அடம்பிடிக்குமோ, அதே அளவுக்குத் தெருவில் இறங்கி நடப்பவருக்கு அது உதவும். வீட்டு எண் வரிசை, ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர், பெயரிலேயே இனமும் மதமும். பெயரைத் தேட முடியாத படமாக வெளியிடுவதால் இந்த ஆபத்து துளியும் குறையாது. அடித்த கணவனிடமிருந்து விலகி வேறூரில் குடியிருக்கும் பெண்ணுக்கும் இதே பயம். பிரிட்டனில் இப்படி ஆபத்தில் இருப்பவர்கள் பெயர் வெளிவராமல் வாக்காளராகப் பதிவுசெய்துகொள்ளலாம். இந்தியப் பட்டியலில் அப்படியோர் ஏற்பாடு இல்லை.

இடம் மாறியவர்களைப் பட்டியல் எப்படி நடத்துகிறது என்பதும் இந்தத் திருத்தத்தில் தெரிந்தது. 2025 டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்களும் இரட்டைப் பதிவும் போக, அதில் பெரும்பகுதி முகவரியில் அகப்படாதவர்கள், குடிபெயர்ந்தவர்கள். வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவரை உறவினரால் மட்டுமல்ல, அரசாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சட்டம் இப்போது இரண்டு திசையில் இழுக்கிறது. 2023ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேறொரு சட்டத்தின் கட்டாயத்தால் பொதுவில் வைக்கப்பட்ட விவரங்களைத் தன் வரம்புக்கு வெளியே விட்டுவிட்டது. வில்லங்கமும் வாக்காளர் பட்டியலும் அரசிதழும் அதனால் பழையபடியே இருக்கும். மறுபக்கம், அதே சட்டத்தின் 44(3) பிரிவு தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. பொதுநலன் பெரிதாக இருந்தால் தனிநபர் விவரத்தைத் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்த வாசகம் போய், தனிநபர் விவரம் என்றாலே மறுக்கலாம் என்றாகிவிட்டது. பொதுநலனைக் காட்டிக் கேட்க 8(2) இன்னும் இருக்கிறது. ஆனால் மறுப்பது அலுவலருக்கு முன்பைவிட எளிது. விளைவு விசித்திரமானது. ஓர் அரசு அதிகாரியின் சொத்து விவரத்தைக் கேட்டு மனுப் போட்டால் ‘தனிநபர் தகவல்’ என்று பதில் வரலாம். அவர் வாங்கிய மனையின் புல எண்ணும் கிராமமும் தெரிந்தவருக்கோ, வாங்கிய தேதியும் பத்திரத்தில் எழுதிய தொகையும் சாட்சிகளின் முகவரியும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டினால் கிடைத்துவிடும்.